ஒன்பதாம் நம்பர்

எங்கள் வீட்டில் அப்பாவின் குரலுக்கு நம்பர் போட்டு வைத்திருந்தோம். ஒன்றை அமுக்கினால் என்னைக் கூப்பிடும். இரண்டை அமுக்கினால் தம்பியைக் கூப்பிடும். நான்கை அமுக்கினால் மழை வருகிறது, துணியை எடுங்கள் என்று சத்தம் போடும். வெயில் பல்லைக் காட்டுகிற நாளிலும் அப்படித்தான் சத்தம் போடும். இதை நான் யாரிடம் சொன்னாலும், கதை விடாதே என்கிறார்கள். ஏதோ விளையாட்டுச் சாமானைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளையாட்டுச் சாமான் இல்லை ஐயா, அது ஒரு சீடி. மாமா தன் கையால் பதிந்து கொடுத்த சீடி.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போனால் வருகிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் எங்கள் பேரில் உறுதிப் பத்திரம் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டம், அவ்வளவுதான். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா கங்காணி. பெண்களை நிரை பிரித்து நிறுத்தி வேலை வாங்குகிற உத்தியோகம். அதற்குப் படிப்பு கிடிப்பு ஒன்றும் பெரிதாக வேண்டாம், தொண்டை வேண்டும். மேட்டு ரோட்டில் நின்று கொடுக்கிற சத்தம் பள்ளத்தில் கடைசி நிரையில் நிற்கிறவளுக்கும் கேட்க வேண்டும். அப்பாவுக்கு அப்படி ஒரு தொண்டை. மச்சான் மலையில் சத்தம் போட்டால் லயத்தில் அடுப்படியில் இருக்கிறவர்களும் எழுந்து நிரைக்குப் போய்விடுவார்கள் என்று மாமா கேலி பண்ணுவார். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் அப்பாதான் பாட்டு. பாடி முடிக்கும்போது எனக்குத் தலைகால் புரியாது. அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று, எங்க அப்பா என்று கத்த வேண்டும்போல் இருக்கும்.

அத்தனை பெரிய தொண்டையை வைத்துக்கொண்டு அவர் கூப்பிடாத ஒரே ஆள் அம்மாதான். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்சாதி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் அப்போது இல்லை. ஏய், இந்தாம்மா, புள்ள என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அப்பாவிடம் அதுவும் கிடையாது. வேலை விட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று ஒரு செருமல். உடனே உள்ளேயிருந்து, ‘இந்தா வந்துட்டேங்க’ என்று அம்மாவின் குரல் வரும். ஒரு கையில் பால் போடாத பிளேன்டீயும் மறு கையில் கொஞ்சம் சீனியுமாக அம்மா பின்னாலேயே வருவாள். அவர் சீனியை வாங்கி உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு டீயைக் குடிப்பார். இருவரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அந்தச் செருமலை நான் வெறும் சளி என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு பனிக்காலத்தில், அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. பனிக்குக் கட்டியிருக்கும் என்றார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணி கொடுத்தார்கள். அம்மா மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். பனி போய் மழை வந்தது, தொண்டை மட்டும் திறக்கவில்லை. குரல் நாளுக்கு நாள் கரகரத்துக்கொண்டே போனது. கடைசியில் கண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. குரல் வருகிற இடத்தையே வெட்டி எடுத்துவிட வேண்டும், எடுத்தால் ஆள் பிழைக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு பேச முடியாது என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கத் தேதியும் கொடுத்திருந்தார்கள். முதலில் இது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும். எனக்கும் தம்பிக்கும் சொன்னது வேறு.

“தொண்டையில ஒரு சின்னப் புண்ணு. வெட்டி எடுத்துட்டா சரியாப் போயிரும்” என்றாள் அம்மா.

காலில் ஆணி விழுந்தால் வெட்டி எடுப்பதில்லையா, அப்படித்தான் என்று நானும் தம்பிக்கு விளக்கம் சொன்னேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் லயத்திலேயே பக்கத்துக் காம்பராவில், ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில், தனியாக இருந்தார். அட்டனில் ஒரு கடையில் பாட்டு சீடி பதிந்து கொடுக்கிற வேலை. கடையில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் வயிற்றைத் திறந்து என்னென்னவோ செய்து, வீட்டிலும் ஓட வைத்திருந்தார். அதில் ஒரு சீடி ரைட்டரும் இருந்தது. கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் பாட்டு வேண்டும் என்றால் மாமாவைத்தான் தேடி வருவார்கள். வருகிறவரை மாமா சும்மா விடமாட்டார். உங்கள் செட்டு என்ன செட்டு, அதற்கு எம்பி3 தெரியுமா, ஆடியோ சீடி மட்டுந்தானா என்று கேட்டு, வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி உயிரை எடுப்பார். ‘பாட்டு வந்தா போதும் தம்பி’ என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கண்டிக்குப் போய் வந்த மறுநாள் சாயந்திரம் அப்பா மாமாவின் காம்பராவுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில் நான் இல்லாமல் இருக்கமாட்டேன்.

“மாப்ள, என் குரலை ஒரு சீடியில போட்டுத் தர ஏலுமா?” என்றார் அப்பா.

எனக்கு அப்படியே ஆகாயத்தில் பறந்த மாதிரி இருந்தது. அப்பா பாட்டு சீடி போடப் போகிறார்! அட்டன் கடையில் அப்பாவின் படத்தோடு தொங்கப் போகிறது! மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதை ஒருத்தி விடாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் புத்தகத்தையே திறந்தேன்.

முதலில் மாமா எதையோ அவசரத்தில் பதிந்து கொண்டுவந்து எங்கள் வீட்டு சீடி செட்டில் போட்டார். செட்டு சுற்றியது, கிர்ர் என்றது, மறுபடி சுற்றியது. ஒரு சத்தமும் இல்லை. மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

“ஊருக்கெல்லாம் சொல்றேன், எனக்கே மறந்துபோச்சு பாருங்க மச்சான். இது எம்பி3. நம்ம செட்டுக்கு அது வாசிக்கத் தெரியாது. ஆடியோ சீடியாத்தான் போடணும். ஆனா எம்பி3ன்னா நூறு பாட்டுக்கு மேல பிடிக்கும், ஆடியோன்னா எண்பது நிமிஷந்தான்.”

“எண்பது நிமிஷமா? எனக்கு எட்டு நிமிஷம் போதும்” என்றார் அப்பா.

“ஆடியோ சீடியில இன்னொரு வசதி இருக்கு மச்சான். ஒவ்வொன்னுக்கும் தனி நம்பர். ரிமோட்டுல அந்த நம்பரை அமுக்கினா நேரா அதுக்கே போயிரும். தேடவே தேவையில்ல.”

அப்பா ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு நம்பராகத் தடவிப் பார்த்தார். பிறகு, அதுதான் வேண்டும் என்றார்.

அன்று தொடங்கி தினம் சாயந்திரம் ஒன்று பதிந்தார்கள். கம்ப்யூட்டரை நம்ப முடியாது, எந்த நேரத்தில் கண்ணை மூடுமோ தெரியாது, பேசுகிறதை அன்றன்றைக்கே சீடியில் ஏற்றிவிட வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. பதிகிறபோது லயத்தில் யாரும் தண்ணீர் சுட வைக்கிற ஹீட்டரைப் போடக் கூடாது. போட்டால் கரண்ட் ஒரு மூச்சு இழுக்கும், சீடி பாழாய்ப் போய்விடும். முதல் சீடி அப்படித்தான் போனது. பிறகு பதிகிற நேரத்தில் மாமா காம்பரா காம்பராவாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். ஆச்சரியம் என்னவென்றால், சொன்ன சொல் கேட்காத எங்கள் லயம் அந்தச் சில நாட்களும் வாயைத் திறக்காமல் கேட்டது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. தெரியாத ஆட்கள் நானும் தம்பியும் மட்டுந்தான்.

முதல் நாள் நான் மைக்கின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எந்தப் பாட்டை முதலில் பாடுவார் என்று எனக்குள் ஒரே பரபரப்பு. அப்பா தொண்டையைச் சரி செய்துகொண்டார். என்னைப் பார்த்தார்.

“பெரியவளே” என்றார்.

“என்னப்பா?” என்றேன்.

மாமா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்பா என்னைக் கூப்பிடவில்லையாம், சீடிக்குச் சொன்னாராம். மறுபடி எடுத்தார்கள். ‘பெரியவளே.’ அவ்வளவுதான். இனிமேல் பாட்டு வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா விரலை உதட்டில் வைத்துச் சும்மா இரு என்றார். நாலு செக்கன் நேரத்துக்குக் குறைந்தால் ஆடியோ சீடி அதைத் தனி நம்பராக எடுத்துக்கொள்ளாது என்று பிறகு சொன்னார். அதனால் அப்பா ஒரு வார்த்தை பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார், நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் தகரத்தில் மழை பெய்கிற சத்தமும், எங்கேயோ ஒரு சேவல் கூவுகிறதும் சீடியில் விழுந்தன. ஒன்றில் என் தும்மல்கூட விழுந்திருக்கிறது.

இரண்டாவது, ‘சின்னவனே, எங்கடா இருக்க?’ மூன்றாவது, ‘சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?’ நான்காவது மழையும் துணியும். ஐந்தாவது, ‘விறகு நனையுது, உள்ள தூக்கிப் போடுங்க.’ எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? விறகு நனைகிறது என்று யாராவது சீடி போடுவார்களா?

“பாட்டுப் பாடுங்கப்பா! காமன் பாட்டாவது பாடுங்க” என்று அழாத குறையாகக் கேட்டேன்.

“பாட்ட யாரும் பாடிக்கலாம் பெரியவளே” என்றார் அப்பா.

ஆறாவதாக மட்டும் மாமா வற்புறுத்தி மலையில் கொடுக்கிற சத்தத்தைக் கேட்டார். ‘நெர புடிங்க! நெர புடிங்க!’ என்று அப்பா எழுந்து நின்று கத்தினார். குரல் பாதியில் உடைந்து இருமலாகிவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்று மாமா கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. ஏழாவது, படிக்கச் சொல்லி. எட்டாவது, படித்தது போதும், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று.

பதிந்து முடிந்ததும் ரைட்டர் சீடியை வெளியே தள்ளும். வெதுவெதுப்பாக இருக்கும். எங்கள் குளிருக்கு அதைக் கன்னத்தில் வைத்தால் சுகமாக இருக்கும். அதற்காகவே நான் அடித்துப் பிடித்துக்கொண்டு முதலில் வாங்குவேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நடு ஓட்டையைச் சுற்றி மங்கலாக ஒரு மெல்லிய வளையம் தெரியும். அதுதான் பதிந்த இடம், மீதி சும்மா இருக்கிற இடம் என்று மாமா சொல்லிக் கொடுத்திருந்தார். எங்கள் சீடியில் வளையம் ஒரு வளையல் அகலம்கூட இல்லை. அதற்கு வெளியே அத்தனை இடமும் பளபளவென்று காலி. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு அப்பா ஏன் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தச் சீடி எங்கள் செட்டில் பாடாது. மாமாவின் கம்ப்யூட்டரில் மட்டுந்தான் பாடும். காரணம் கேட்டால், இன்னும் மூடவில்லை என்பார் மாமா.

“மூடுறதுன்னா, இதோட முடிஞ்சுதுன்னு சீடியில எழுதி விடுறது. அப்படி எழுதினாத்தான் வெளி செட்டுங்க அதை எடுத்துக்கும். ஆனா மூடிட்டா பிறகு ஒரு வார்த்தைகூடச் சேர்க்க ஏலாது.”

“அப்ப மூடுங்க மாமா. வீட்டுல போட்டுக் கேக்கணும்” என்று நான் குதிப்பேன்.

மாமா அப்பாவைப் பார்ப்பார். “மூடிரவா மச்சான்?”

“நாளைக்குப் பார்க்கலாம் மாப்ள. இன்னும் ஏதாவது ஞாபகம் வந்தாலும் வரும்” என்பார் அப்பா.

தினமும் இதே கேள்வி, இதே பதில். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் ஒரு சின்ன வேலையை முடிக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் சாயந்திரம் நல்ல மழை. அப்பா மாமாவின் காம்பராவுக்கு வந்து மைக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னைக்குப் பேச்சு ஒன்னும் இல்ல மாப்ள. நீ பாட்டுக்கு ஓட விடு” என்றார்.

மாமா ஓடவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் அடுப்படி. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா ஒரு தடவை செருமினார், வேலை விட்டு வந்து வாசலில் நிற்கும்போது செருமுகிற அதே செருமல்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இந்தா வந்துட்டேங்க” என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உருண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா டீக்கோப்பையும் சீனியுமாக மழையில் நனைந்துகொண்டு மாமாவின் வாசலில் வந்து நின்றாள்.

“வாசல்ல செருமுனீங்களேன்னு வந்து பார்த்தா ஆளைக் காணோம். இங்கயா இருக்கீங்க?”

அப்பா கையை நீட்டி டீயை வாங்கிக்கொண்டார். நான் துள்ளி எழுந்தேன்.

“மாமா, அம்மா குரல் உள்ள விழுந்துருச்சு! இது கெட்டுப் போச்சு. அழிச்சிட்டுத் திரும்ப எடுங்க. இதுல அப்பா ஒன்னும் பேசவும் இல்ல.”

“இருக்கட்டும்” என்றார் அப்பா.

அம்மாவுக்கு அப்போதுதான் மைக் கண்ணில் பட்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். மாமா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். என்ன மாமா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் காற்றாடியில் தூசி என்றார். உள்ளே அவ்வளவு தூசி இருக்குமா என்று நான் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பையோடு வந்து நின்றார். மாமா கம்ப்யூட்டரைப் போட்டு வைத்திருந்தார்.

“இனி மூடிரு மாப்ள” என்றார் அப்பா.

“இன்னும் ஒன்னு சொல்றதுன்னா சொல்லுங்க மச்சான். இடம் நிறைய இருக்கு” என்றார் மாமா.

அப்பா தலையை ஆட்டினார். மாமா கம்ப்யூட்டர் எலியில் கை வைத்தவர் அமுக்கவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று அம்மா வாசலில் நின்று சொன்னாள். நான்தான் மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கி, அமுக்குங்க மாமா என்றேன். அமுக்கினார். சீடி சுற்றி முடித்து வெளியே வந்தபோது கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் எங்கள் செட்டில் போட்டேன். ஒன்றை அமுக்கினேன். ‘பெரியவளே’ என்றது. எனக்கு வாயெல்லாம் பல். ரயிலடிக்கு இறங்குகிற படிக்கட்டில் நின்று அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை அப்போது வந்தது. என்ன சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை. செட்டு சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

அப்பா பிழைத்து வந்தார். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் வெள்ளைத் துணி. மூச்சு விட்டால் அதன் வழியே உஸ் என்று வரும். தம்பி முதலில் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். புண் ஆறினதும் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். எத்தனை நாள் காத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. பேசமாட்டார் என்று யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் அவர் ரிமோட்டை எடுத்து மூன்றை அமுக்கினார். ‘சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?’ என்று கேட்டது செட்டு. அப்பா எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டோம் என்று நாங்கள் செட்டைப் பார்த்துச் சொன்னோம்.

மலைக்குப் புதுக் கங்காணி வந்துவிட்டார். அவருடைய சத்தம் காலையில் லயம் வரைக்கும் கேட்காது. அப்பா மட்டும் வாசலில் நின்று காதைச் சாய்த்துக் கேட்க முயற்சி பண்ணுவார். ஃபேக்டரி கேட்டில் நிற்கிற வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். அங்கே பேச வேண்டியதில்லை. ஆறாம் நம்பரை அவர் ஒரு நாளும் அமுக்கியதில்லை. தம்பி அமுக்கப் போனாலும் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார்.

நாங்கள் என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தோம். பிள்ளைகளுக்கு எது வந்தாலும் பழகிப்போகும். படிக்காமல் விளையாடினால் அப்பா எங்கிருந்தோ ஏழாம் நம்பரை அமுக்குவார், நாங்கள் பறந்து வந்து புத்தகத்தைத் திறப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், லயத்துக் கம்பியெல்லாம் ஈரத்துணி. தம்பி செட்டின் சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டு நான்கை அமுக்கிவிட்டான். ‘மழை வருது, துணிய எடுங்க!’ அவ்வளவுதான், லயத்துப் பொம்பளைகள் அத்தனை பேரும் வெளியே ஓடி வந்து கம்பியிலிருந்து உருவ ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் குரலுக்கு ஓடிப் பழகின கால்கள். பாதி துணியை எடுத்த பிறகுதான் ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். தம்பிக்கு இன்றைக்கு நல்ல பூசை இருக்கிறது என்று நான் காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா காயாத துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடி அழுதாள். மழையும் இல்லை, துணியும் நனையவில்லை, இதற்கு ஏன் அழுகிறாள் என்று நான் தம்பியிடம் கேட்டேன்.

ஒன்பதாம் நம்பர் சாயந்திரத்துக்கு. அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டு, ரிமோட்டை எட்டி எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கே போய் நிற்பார். அங்கிருந்து அமுக்குவார். செட்டுக்குள்ளே மழை பெய்யும். செருமல் கேட்கும். ‘இந்தா வந்துட்டேங்க’ என்று சீடிக்குள் இருக்கிற அம்மா முதலில் சொல்வாள். அதற்குப் பின்னால் அடுப்படியிலிருந்து எங்கள் அம்மாவும் ‘இந்தா வந்துட்டேங்க’ என்று சொல்லிக்கொண்டு டீயோடு வருவாள். எங்களுக்கு ரெண்டு அம்மா என்று நானும் தம்பியும் கேலி பண்ணுவோம். அப்பா சிரிப்பார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

இப்படிப் போனது ஒன்றரை வருஷமோ என்னவோ. பிறகு புற்று நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அப்பா மெலிந்து மெலிந்து, ரிமோட்டில் விரலை வைத்து அமுக்கவும் தெம்பில்லாமல் கிடந்தார். ஒரு மத்தியானம் போய்விட்டார். எனக்கு அப்போது பத்து வயது. தப்பு மேளம் அடித்தார்கள், ஊர் வந்தது, அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை எனக்கும் வந்தது. ஆனால் அப்பா முழுதாகப் போய்விட்டார் என்று என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய குரல் அவர் இருக்கும்போதே அவரிடம் இல்லையே, செட்டில்தானே இருந்தது. செட்டு அங்கேயே இருக்கிறதே என்று ஒரு தைரியம். அதை மாமா அன்றைக்கே வயரைப் பிடுங்கி, ஒரு பழைய சேலையால் போர்த்தி வைத்துவிட்டார்.

கருமாதி முடிந்து அம்மா வேலைக்குப் போன முதல் நாள். சாயந்திரம் வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெளியே மழை இல்லை. நான் வீட்டுக் கணக்கு செய்துகொண்டிருந்தேன். தம்பி சேலையை விலக்கி, வயரைச் சொருகி, ரிமோட்டோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

செட்டில் மழை பெய்தது. அப்பா செருமினார். ‘இந்தா வந்துட்டேங்க’ என்றாள் சீடியில் இருக்கிற அம்மா.

அடுப்படியில் கோப்பை எடுக்கிற சத்தம் கேட்டது. சீனிப் போத்தலின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. “இந்தா வந்துட்டேங்க” என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு கையில் பிளேன்டீயும் மறு கையில் சீனியுமாக வந்தாள். என்னைத் தாண்டி நேரே வாசலுக்குப் போனாள். வாசலில் யாரும் இல்லை. டீயை நீட்டின கை நீட்டினபடியே நின்றது.

எனக்குப் பதறிவிட்டது. அம்மா அழப் போகிறாள், எல்லாம் இந்தக் கழுதையால் வந்தது என்று பாய்ந்துபோய் ரிமோட்டைப் பிடுங்கி, தம்பியின் முதுகில் ஒன்று வைத்தேன். அவன் ஓவென்று கத்தினான்.

“அவன அடிக்காத” என்றாள் அம்மா. அவள் அழவில்லை. வாசலைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையிலிருந்து சீனி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னொருக்கா அமுக்கு” என்றாள்.

நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். ஒன்பதாம் நம்பர் அம்மாவைக் கூப்பிடுவதற்கு. கூப்பிட்டாயிற்று, அம்மாவும் வந்தாயிற்று. என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

“அதான் வந்துட்டியேம்மா” என்றேன். “இன்னும் என்னத்துக்கு?”